திமிங்கலம் இடம் கொடுத்தால்: குளிர்கடல் நீரடிப் புகைப்படம் பற்றி

நார்வேயின் வடகோடியில் எடுக்கப்பட்ட ஓர்க்காத் திமிங்கலப் படங்களை நம்மில் பலர் ஏதாவதொரு இதழிலோ தொலைக்காட்சியிலோ பார்த்திருப்போம். கருநீலத் தண்ணீர், மேலே மங்கிய வெளிச்சம், எங்கும் மினுங்கும் மீன் செதில்கள், நடுவே கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பெரிய உடல். 2017-இல் வந்த பிபிசியின் ‘ப்ளூ பிளானட் 2’ தொடர் இந்தக் காட்சியை உலகெங்கும் கொண்டுபோனது. அதே காட்சியைத் தாங்களும் எடுக்க வேண்டும் என்று குளிர்காலத்தில் கேமராவோடு வடக்கே கிளம்புகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். இப்படிப் படமெடுப்பது எப்படிச் சாத்தியமாகிறது, அதற்கு என்ன விலை, அதைக் கொடுப்பவர் யார் என்ற கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். குளிர்கடலில் நல்ல திமிங்கலப் படம் எடுத்தவர்கள் எல்லோரும் திமிங்கலம் இடம் கொடுத்ததால் எடுத்தவர்கள். துரத்திக்கொண்டு போனவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் விலகிப் போகும் வாலின் படம்தான்.

நார்வே படங்களின் கதை ஒரு மீனிலிருந்து தொடங்குகிறது. நம் மத்திக்கு உறவான ஹெர்ரிங். வட அட்லாண்டிக்கில் கோடிக்கணக்கில் கூட்டமாகத் திரிந்த இந்த மீனை 1960-களில் இயந்திரப் படகுகள் அள்ளித் தீர்த்தன. 1970 வாக்கில் நார்வேயின் ஹெர்ரிங் வளம் கிட்டத்தட்ட இல்லாமலே போயிற்று. மீன்பிடிக்குக் கடும் கட்டுப்பாடு வந்த பிறகு, 1983-இல் பிறந்த தலைமுறை நன்றாகப் பிழைத்து வளத்தை மீட்டது. 1980-களின் இறுதியிலிருந்து அந்த மீன் குளிர்காலத்தைக் கழிக்க வெஸ்ட்ஃபியோர்டு, தைஸ்ஃபியோர்டு போன்ற ஒடுங்கிய கடற்கழிகளுக்குள் வந்தது. பின்னாலேயே ஓர்க்காக்கள் வந்தன. இதே ஓர்க்காக்களை மீன் திருடர்கள் என்று சொல்லி 1980-களின் தொடக்கம்வரை அந்நாட்டில் சுட்டுக் கொன்றுகொண்டிருந்தார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அதே கரையிலிருந்து அவற்றைப் பார்க்கப் படகு விட ஆரம்பித்தார்கள்.

ஹெர்ரிங் ஓரிடத்தில் நிற்கும் மீன் இல்லை. 2000-களில் அது தைஸ்ஃபியோர்டைக் கைவிட்டு வெளிக்கடலுக்குப் போனது. அங்கிருந்த திமிங்கலத் தொழில் படுத்துவிட்டது. அடுத்த பத்தாண்டின் தொடக்கத்தில் செஞ்யா தீவுப் பக்கமும், பிறகு டிரோம்சோ நகரத்தை ஒட்டிய க்வாலோயா தீவின் கழிகளிலும் மீன் குவிந்தது. 2017 முதல் இன்னும் வடக்கே, ஷெர்வோய் என்ற சின்ன ஊரின் பக்கம். மீன் போன இடமெல்லாம் ஓர்க்கா போனது. ஓர்க்கா போன இடமெல்லாம் கேமரா போனது.

ஓர்க்காக்கள் இந்த மீனை உண்ணும் முறைதான் புகைப்படக்காரர்களுக்கு வாய்ப்பைத் தருகிறது. டியு சிமிலா என்ற ஆய்வாளரும் ஃபெர்னாண்டோ உகார்ட்டேயும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில் இதை நுணுக்கமாக விவரித்தார்கள். ஆழத்தில் கிடக்கும் பெருங்கூட்டத்திலிருந்து ஒரு பகுதியை ஓர்க்காக்கள் பிரித்து மேலே ஓட்டி வருகின்றன. கிடைக்கு ஆடு மடக்குவதுபோல நாலாபுறமும் சுற்றி வருகின்றன. ஒன்று குமிழி விடுகிறது, ஒன்று தன் வெள்ளை வயிற்றை மீன்களுக்குக் காட்டித் திரும்புகிறது. வெருண்ட மீன்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நீர்மட்டத்தை ஒட்டி ஒரு பந்தாகச் சுருள்கின்றன. பிறகு ஓர்க்கா தன் உடலை வளைத்து, வால் துடுப்பின் அடிப்பக்கத்தால் அந்தப் பந்தின் ஓரத்தில் ஓர் அறை விடுகிறது. அந்த அடியில் சில மீன்கள் மயங்கிச் சுழன்று விழும். ஓர்க்கா திரும்பி வந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்னும். ஆறு ஏழு மீட்டர் நீளமுள்ள விலங்கு, நாம் ஒரு கையில் பிடிக்கக்கூடிய மீனை அத்தனை நிதானத்தோடு வாயில் எடுப்பதைப் படங்களில் பார்க்கும்போது நான் வியந்து போகிறேன். உரிந்த செதில்கள் தண்ணீரெங்கும் மிதக்கும். படங்களில் மின்னுவது அதுதான்.

இந்த வேலையில் மூழ்கியிருக்கும் ஓர்க்கா பக்கத்தில் மிதக்கும் மனிதனைப் பொருட்படுத்துவதில்லை. ஓடவும் இல்லை, நெருங்கவும் இல்லை. படம் எடுக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அந்த மனிதன் செய்யும் ஒரு தவறு மிகப் பெரிய சேதம் ஆவதும் இதே நேரத்தில்தான். மீன் பந்துக்குள் யாரோ நீந்திப் போனாலும், படகு அதன்மேல் ஓடினாலும் பந்து உடைந்து மீன் ஆழத்துக்கு இறங்கிவிடும். ஒரு குடும்பமே சேர்ந்து செய்த வேட்டை வீணாகிவிடும்.

இனி வெளிச்சத்துக்கு வருவோம். ஷெர்வோய் வட அட்சம் 70 பாகையில் இருக்கிறது. நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் நீல ஒளி மட்டும் பரவும். அந்த ஒளியும் நீருக்குள் இறங்கும்போது இன்னும் குறைகிறது. நீருக்கடியில் எடுக்கப்பட்ட தொடக்ககாலப் புகைப்படங்கள் சிலவற்றை 1893-இல் பிரான்ஸின் பன்யூல்ஸ் கடற்கரையில் லூயி பூத்தான் எடுத்தார். வெளிச்சத்தோடு நடக்கும் போராட்டம் அன்றே தொடங்கிவிட்டது. பின்னால் வந்த நிக்கோனோஸ் கேமராக்களில் 36 படங்கள் எடுத்தால் மேலே ஏறிக் கரையிலோ படகிலோ ஃபிலிம் மாற்றிக்கொண்டுதான் திரும்ப இறங்க வேண்டும். 400 ஐஎஸ்ஓ ஃபிலிமை வைத்துக்கொண்டு துருவ இரவின் நண்பகலில், ஓடும் ஓர்க்காவை அசைவு மங்காமல் பிடிப்பது பெரும்பாலும் நடக்காத காரியம்.

இதை மாற்றியது டிஜிட்டல் சென்சார். 2007-இல் வந்த நிக்கான் டி3 கேமராவில் ஐஎஸ்ஓ 6400 வரை நம்பிப் பயன்படுத்த முடிந்தது. இன்று அங்கே வழக்கமான கணக்கு, ஐஎஸ்ஓ 3200 அல்லது அதற்கும் மேல், எஃப் 4 அல்லது 5.6, ஷட்டர் ஒரு விநாடியில் 250-இல் ஒரு பங்கு. நாம் இன்று நார்வே ஓர்க்கா என்று அறிந்திருக்கும் அந்தக் கருநீல அழகு, கண்ணுக்கு இருட்டாகத் தெரியும் நீரில் இந்தச் சென்சார்கள் பார்த்த அழகு.

ஃபிளாஷ் போடலாமே என்று தோன்றும். பயனில்லை. மிதக்கும் செதில்கள் ஒவ்வொன்றும் ஒளியைத் திருப்பியடித்துப் படத்தை வெள்ளைப் புள்ளிகளால் நிரப்பிவிடும். அத்தனை பெரிய உடலை ஒளியால் மூடவும் முடியாது. வேட்டையாடும் விலங்கின் கண்ணில் வெட்டும் ஒளியைப் பாய்ச்சுவது முறையும் இல்லை. தண்ணீர் சிவப்பு நிறத்தை முதல் சில மீட்டரிலேயே உறிஞ்சிவிடுவதால், இருக்கிற நீலத்தை வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். கூடவே தூரத்தின் பிரச்சினை. நீரின் ஒளிவிலகலால் தட்டைக் கண்ணாடி வழியே பார்க்கும் எதுவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், பார்வைக் கோணமும் சுருங்கும். அதனால் கேமரா ஹவுசிங்கின் முன்னே அரைக்கோள டோம் கண்ணாடி மாட்டி, உள்ளே ஃபிஷ்ஐ அல்லது அகலக் கோண லென்ஸ் வைப்பார்கள். முழுத் திமிங்கலமும் சட்டத்துக்குள் வர வேண்டும், நடுவில் இருக்கும் கலங்கல் நீரும் குறைவாக இருக்க வேண்டும் என்றால் மூன்று நான்கு மீட்டர் நெருக்கம் வேண்டும். டெலி லென்ஸ் வைத்துத் தூரத்திலிருந்து படமெடுக்கும் காட்டு விலங்குப் புகைப்படக்காரனின் வசதி கடலுக்குள் கிடையாது. நெருக்கம் வேண்டும், அந்த நெருக்கத்தை அனுமதிப்பதோ மறுப்பதோ திமிங்கலத்தின் கையில்.

ஓர்க்காவின் கண் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். அதன் தலையில் இருக்கும் வெள்ளைத் திட்டுதான் கண் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான கண் அந்தத் திட்டின் முன்நுனிக்குச் சற்றுக் கீழே, கறுப்புத் தோலுக்குள் கறுப்பாக இருக்கிறது. வெள்ளைக்கு ஏற்ப ஒளியளவை வைத்தால் கண் இருளில் காணாமல் போகும்; கறுப்புக்கு ஏற்ப வைத்தால் வெள்ளை வெளிறிச் செத்துவிடும். கண் தெரியும் ஓர்க்கா படம் ஒன்றைப் பார்த்தால், எடுத்தவர் ஒளியளவையும் கோணத்தையும் எவ்வளவு பொறுமையாகப் பார்த்திருப்பார் என்று நான் முதலில் யோசிப்பேன்.

அந்தக் கோணத்தைத் தீர்மானிப்பதில் குளிருக்கும் பங்கு உண்டு. குளிர்காலத்தில் அந்த நீர் ஏறத்தாழ 4 முதல் 7 டிகிரி செல்சியஸ். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டை இழுக்கும். இறங்கிய முதல் நிமிடத்தில் மூச்சு தானாகவே திணறும். அதைக் கடந்த பிறகு விரல்கள் போகும். தடித்த நியோப்ரீன் கையுறைக்குள் மரத்துப்போன விரலால் ஷட்டரை அழுத்தினோமா இல்லையா என்பதே தெரியாது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். படகின் கதகதப்பான அறையில் ஹவுசிங்கை மூடினால், கடலில் இறங்கியதும் டோமின் உட்புறம் வேர்த்து மங்கிவிடும்.

உடையிலும் ஒன்றை விட்டுத்தான் இன்னொன்றைப் பெற முடியும். டிரை சூட் உடம்பை நனையாமல் காக்கும், நெடுநேரம் தாக்குப்பிடிக்க வைக்கும். ஆனால் உள்ளே இருக்கும் காற்று ஆளை மேலேயே மிதக்க வைக்கும். மேலேயிருந்து கீழே பார்த்து எடுத்தால் இருண்ட ஆழத்தின்மேல் இருண்ட முதுகுதான் பதிவாகும். திமிங்கலத்தின் மட்டத்துக்கோ அதற்குக் கீழேயோ இறங்கி, மேலிருந்து வரும் கொஞ்ச ஒளி அதன் பின்னால் விழும்படி பார்த்தால்தான் வடிவம் எழும். அதற்கு 7 மில்லிமீட்டர் வெட் சூட்டில், எடைப் பட்டை கட்டி, மூச்சடக்கி இறங்க வேண்டும். குளிர் அதிகம், நேரம் குறைவு. சிலிண்டர் கட்டி இறங்குவது இந்த வேலைக்கு அவ்வளவாக உதவுவதில்லை. அது விடும் குமிழிச் சத்தம் ஒரு தொந்தரவு. நகர்ந்துகொண்டே இருக்கும் விலங்கிடம் சிலிண்டர்க்காரன் எட்டவும் மாட்டான்.

பசியால் மும்முரமாக இருக்கும் திமிங்கலம் ஒரு வகை. ஆர்வத்தால் தானே வரும் திமிங்கலம் இன்னொரு வகை. இதற்கு நல்ல சான்று நியூசிலாந்துக்குத் தெற்கே உள்ள ஆக்லாந்து தீவுகள். தெற்கு ரைட் திமிங்கலங்கள் குளிர்காலத்தில் அங்கே கூடுகின்றன. வேட்டையால் அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டு மீண்டும் பெருகிவரும் கூட்டம் அது. நேஷனல் ஜியோகிராஃபிக் புகைப்படக்காரர் பிரையன் ஸ்கெரி அங்கே அனுமதியோடு இறங்கி எடுத்த படங்கள் 2008-இல் வெளியாயின. அவற்றில் ஒன்று உலகப் புகழ் பெற்றது. மணல் தரையில் ஒரு முக்குளிப்பவர் நிமிர்ந்து நிற்கிறார். எதிரே சுமார் 14 மீட்டர் நீளத்தில் திமிங்கலம் அவரை நோக்கி மெல்ல வருகிறது. நீருக்குள் மனிதரை முன்பு பார்த்தே இராத விலங்குகள், என்ன இது என்று பார்க்கத் தாமே வந்தன என்று ஸ்கெரி சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தின் பலம் திமிங்கலத்தின் பருமனில் இல்லை, அது மனிதனை நோக்கி வரும் திசையில் இருக்கிறது.

அர்ஜென்டினாவின் வால்டேஸ் தீபகற்பத்தில் அதே இனத்தை வைத்துச் செய்த பரிசோதனை இன்னொரு பக்கத்தைக் காட்டியது. ஆய்வாளர்கள் வேண்டுமென்றே நீந்துபவர்களை அருகில் இறக்கிப் பார்த்தார்கள். 2008-இல் வந்த முடிவுகளின்படி திமிங்கலங்கள் ஓய்வெடுப்பது குறைந்தது, இடம்பெயர்வது கூடியது. தாயும் குட்டியுமாக இருந்தவை அதிகம் பாதிக்கப்பட்டன. ஒரே இனம்தான். ஆக்லாந்தில் அது தானாகத் தேடி வந்தது, வால்டேஸில் மனிதர்கள் தேடிப் போனார்கள். இந்த விஷயத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்த ஒப்பீடு இது.

இடம் கொடுக்கவே கொடுக்காத திமிங்கலங்களும் உண்டு. கனடாவின் ஆர்க்டிக்கில் வாழும் நார்வால், பனியுடைக்கும் கப்பலின் சத்தத்துக்குச் சில பத்து கிலோமீட்டர் தொலைவிலேயே நடத்தையை மாற்றிக்கொள்ளும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாஃபின் தீவில் இனுயிட் மக்களிடையே வளர்ந்த பால் நிக்லென், சிறுத்தைச் சீலின் வாய்க்கு எதிரே கேமரா நீட்டியவர். அவரே நார்வாலின் புகழ்பெற்ற படங்கள் சிலவற்றைச் சிற்றெடை விமானத்திலிருந்துதான் எடுத்தார். நீருக்குள் வேண்டாம் என்று விலங்கு சொன்னால், வானத்திலிருந்து பார்ப்பதில் இழுக்கு எதுவும் இல்லை.

சட்டங்கள் பெரும்பாலும் இந்தப் புரிதலுக்கு வந்துவிட்டன. அமெரிக்காவின் 1972 கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் விலங்கின் நடத்தையைக் குலைப்பதையே குற்றமாக்குகிறது. நியூசிலாந்தின் 1992 விதிகள் திமிங்கலத்தோடு நீந்துவதைத் தடுக்கின்றன. கனடா 2018-இல் பொதுவாக 100 மீட்டர் இடைவெளியையும், பசிபிக் கரை ஓர்க்காக்களுக்கு அதைவிட அதிகத்தையும் விதித்தது. வால்டேஸிலும் நீரில் இறங்க அனுமதி இல்லை. இந்த நாடுகளில் நீரடிப் படம் வேண்டுமென்றால் சிறப்பு அனுமதியோடுதான் முடியும். நேஷனல் ஜியோகிராஃபிக்கின் ஃபிளிப் நிக்லின் பல ஆண்டுகள் அப்படித்தான் வேலை செய்தார். ஆய்வாளர்களின் படகில் அவர்களுக்குத் தேவையான நேரத்தில் மூச்சடக்கி இறங்கி, அவர்களுக்குத் தேவையான படத்தையும் எடுத்தார்.

நார்வேயில் பொதுமக்கள் ஸ்நார்க்கலோடு இறங்கலாம் என்ற நிலை இருந்ததால் உலகமே அங்கே திரும்பியது. சிறிய கழி, சில மணி நேர வெளிச்சம், அதற்குள் பல ரப்பர் படகுகள். அங்கே நடக்கும் மோசமான வழக்கம் ஒன்று உண்டு. நீந்திப் போகும் ஓர்க்காக் குடும்பத்தைப் படகில் முந்தி, அதன் பாதையில் ஆட்களை இறக்கி, அது கடந்ததும் ஏற்றிக்கொண்டு மறுபடி முந்துவது. அப்படிக் கிடைக்கும் படம் பெரும்பாலும் மங்கல். ஓர்க்காவுக்கோ முன்னும் பின்னும் இயந்திர இரைச்சல். ஒலியை வைத்து இரை தேடும் விலங்கு அது. அமெரிக்க–கனடா எல்லைக் கடலில் நடந்த ஆய்வுகள், படகுகள் சில நூறு மீட்டருக்குள் வரும்போது ஓர்க்காக்கள், குறிப்பாகப் பெண் ஓர்க்காக்கள், இரை தேடுவதைக் குறைத்துக்கொள்வதைக் காட்டின. நார்வேயில் மீன்பிடிக் கப்பல்களைச் சுற்றித் திமிங்கலங்கள் கூடுவதால் ஆட்களும் அங்கேயே போய்க் குதித்தார்கள். வலை விரித்த கப்பலிலிருந்து 370 மீட்டருக்குள் சுற்றுலாப் படகு வரக்கூடாது, 740 மீட்டருக்குள் யாரும் நீரில் இறங்கக்கூடாது என்று அரசு விதி போட வேண்டி வந்தது.

இதே கழிகளுக்குக் கூன்முதுகுத் திமிங்கலங்களும் வந்த பிறகு ஆபத்து மனிதருக்கும் சேர்ந்தது. ஓர்க்காக்கள் கட்டிய மீன் பந்தை, இவை கீழேயிருந்து வாயைப் பிளந்துகொண்டு ஒரே பாய்ச்சலில் விழுங்குகின்றன. பந்தின் அருகே யார் மிதக்கிறார்கள் என்று பார்க்க அப்போது நேரம் இருக்காது. 2019-இல் தென்னாப்பிரிக்கக் கடலில் மீன் பந்தைப் படமெடுத்துக்கொண்டிருந்த ஒருவரைப் பிரைடு திமிங்கலம் வாயில் பிடித்து உடனே துப்பிவிட்டது. அவர் காயமின்றித் தப்பினார்.

இந்தக் கூன்முதுகுகளைப் பற்றி டிரோம்சோ பல்கலைக்கழகப் பேராசிரியரும் அருமையான புகைப்படக்காரருமான ஔதுன் ரிக்கார்ட்சனும் அவருடைய குழுவினரும் செயற்கைக்கோள் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தி ஆராய்ந்தார்கள். அவற்றில் சில அங்கிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியன் வரை இனப்பெருக்கத்துக்குப் போகின்றன. வெப்பக் கடலில் அவை கிட்டத்தட்ட எதுவும் உண்பதில்லை. அப்படியானால் நார்வேக் கழியில் கிடைக்கும் ஹெர்ரிங், சினையாக இருக்கும் தாய் நெடும் பயணத்துக்கு முன் சேர்க்கும் கடைசிச் சேமிப்பு. அந்த வாயின் முன்னால் போய்க் கலைப்பது சின்ன விஷயம் அல்ல.

‘ஆராய்ச்சிக்கு உதவும்’ என்ற சாக்கை நான் முழுதாக ஏற்க மாட்டேன். தனித்தனித் திமிங்கலத்தை அடையாளம் காண நீருக்குள் இறங்கத் தேவையில்லை. 1970-களில் கனடாவில் மைக்கேல் பிக் ஓர்க்காக்களின் முதுகுத் துடுப்பையும் அதன் பின்னுள்ள சாம்பல் திட்டையும் மேலேயிருந்து படமெடுத்தே குடும்பம் குடும்பமாகப் பட்டியலிட்டார். வால்டேஸில் ரோஜர் பெய்ன் ரைட் திமிங்கலங்களைத் தலையிலுள்ள தடித்த தோல் திட்டுகளை வைத்துப் பிரித்தறிந்தார். உடல் மெலிந்திருக்கிறதா, சினையா என்பதை இன்று டிரோன் அளந்து சொல்கிறது. ஆழத்தில் என்ன நடக்கிறது என்பதை உறிஞ்சுக் கிண்ணத்தால் முதுகில் ஒட்டும் சிறு கேமராக்கள் காட்டுகின்றன. நீரடிப் படத்துக்கென்று மீதமிருப்பவை சில: வாலடியின் நுணுக்கம், வயிற்றுப் பக்கத்திலிருந்து தெரியும் பால் வேறுபாடு, கயிறும் வலையும் அறுத்த தழும்புகள்.

ஆனாலும் அந்தப் படங்கள் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடலின் மேலே தெரியும் முதுகும் மூச்சும் மட்டுமே மனிதருக்குத் தெரிந்திருந்த காலத்தில் திமிங்கலம் எண்ணெய் மூலமாகவே கருதப்பட்டது. முழு உருவத்தையும் கண்ணையும் குட்டியை அணைத்துப் போகும் தாயையும் கண்ட தலைமுறையே 1982-இல் சர்வதேசத் திமிங்கல ஆணையத்தில் வணிக வேட்டையை நிறுத்தும் முடிவுக்கு ஆதரவாக நின்றது. திமிங்கலப் பாட்டின் ஒலிப்பதிவுகளுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. நார்வே 1993 முதல் மிங்க்கி திமிங்கலத்தை மீண்டும் வேட்டையாடிவரும் நாடு; அங்கே இப்படங்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

ஆகவே தடை வேண்டாம், வரம்பு வேண்டும் என்பது என் நிலை. ஒரு கழியில் ஒரே நேரத்தில் இத்தனை படகு, ஒரு கூட்டத்தருகே இத்தனை பேர் என்று எண்ணிக்கை வரம்பு. முந்திச் சென்று இறக்குவதற்குத் தடை. குட்டியோடு இருக்கும் தாயிடம் யாரும் இறங்கக்கூடாது. மீன் பந்து உருவாகிக்கொண்டிருக்கும்போது படகு நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். இவற்றில் எதுவும் நல்ல புகைப்படக்காரரின் கையைக் கட்டாது. அவர்கள் ஏற்கெனவே செய்வதுதான்.

இதழாசிரியர்களுக்கும் போட்டி நடுவர்களுக்கும் இதில் கடமை உண்டு. விலங்கைத் துன்புறுத்தி எடுத்த படங்களை மதிப்புள்ள போட்டிகள் ஏற்பதில்லை. அந்த விதி கடலுக்குள் எப்படிச் சோதிக்கப்படுகிறது என்பதுதான் கேள்வி. திமிங்கலப் படத்தின் கீழே கேமராவின் பெயரும் லென்ஸும் ஐஎஸ்ஓவும் அச்சாகின்றன. எந்த அனுமதியில் இறங்கினார்கள், படகு எவ்வளவு தூரத்தில் நின்றது, எத்தனை பேர் நீரில் இருந்தார்கள், திமிங்கலம் நெருங்கியதா அல்லது மனிதர் நெருங்கினாரா என்ற நான்கு விவரங்களும் அதே எழுத்தளவில், அதே இடத்தில் அச்சாக வேண்டும்.